தனக்கே மார்க் போட்டுக்கொண்ட ஆறு

3 செப்டம்பர் 2025, புதன்

எங்கள் டிஜிட்டல் ட்வின்னுக்கு இன்று லோகோ வந்துவிட்டது. இரண்டு நீலத் துளிகள் ஒன்றையொன்று கட்டிப் பிடித்துக்கொண்டு நிற்கின்றன. இதற்கு ஒரு மாதம் கூட்டம் போட்டார்கள். ஆற்றைப் போய்ப் பார்க்க ஒருத்தருக்கும் ஒரு மத்தியானம் கிடைக்கவில்லை.

ஆறு என்றால் பெரிய ஆறு இல்லை. வெர்னெல். பாரிஸுக்கு வடக்கே ஏதோ கோதுமை வயலில் பிறந்து, கார்ஜ் என்கிற புறநகர்ப் பக்கம் பாதி குழாய்க்குள்ளும் பாதி வெளியிலுமாக ஓடி, கடைசியில் சேன் நதியில் போய் விழுகிறது. அதன் மழை, குழாய், மேலே ஒரு தேக்கக் குளம், குளத்து மதகு என்று எல்லாவற்றையும் கம்ப்யூட்டருக்குள் இன்னொரு ஆறாகச் செய்து வைத்திருக்கிறோம். வெளியே பெய்தால் உள்ளேயும் பெய்யும். உள்ளே இருக்கிற ஆறு சொல்வதைக் கேட்டு வெளியே இருக்கிற மதகு திறக்கும், மூடும். அப்படித்தான் திட்டம். அக்டோபர் பதினைந்து திறப்பு விழா. அன்றிலிருந்து மதகு ட்வின் கையில். மழை நாட்களில் முறை வைத்து மதகைக் காவல் காத்தவர்களுக்கு நவம்பரிலிருந்து வேறு வேலை.

ஆறு எப்படி ஓடும் என்கிற சமன்பாடெல்லாம் நான் எழுதியது. அதை யாரும் பார்ப்பதில்லை. திரை அஷ்வத் செய்தது. அதைத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள். வசந்த காலத்தில் கோயம்புத்தூரிலிருந்து வந்து இறங்கிய பையன். பளபள என்று ஒரு திரை, தொட்டால் மீன் துள்ளும். மீனே இல்லாத ஆற்றுக்கு மீன்! நான் அவனுக்கு டாஷ்போர்டு என்று பெயர் வைத்திருக்கிறேன்.

எங்கள் தலைவி மரி-லூயிஸ் அந்த மீனைப் பார்த்துக் கை தட்டினாள். காரைக்காலில் பிறந்து நாலு வயதில் இங்கே வந்தவள். கோபம் வந்தால் பிரெஞ்சு, காரியம் ஆக வேண்டும் என்றால் தமிழ். இன்று முழுக்கத் தமிழிலேயே பேசினாள். என்ன காரியமோ.

5 செப்டம்பர், வெள்ளி

மீன் இப்போது வாலையும் ஆட்டுகிறது.

11 செப்டம்பர், வியாழன்

நதிச் சங்கத்தின் தலைவர் ரேமண்ட் வந்தார். ஒத்திகை. பெரிய மனுஷர், பெரிய மீசை, கேள்வி மட்டும் கேட்கமாட்டார்.

அஷ்வத் திரையைப் போட்டான். கார்ஜில் பாலத்தடியில் ஒரு அளவுமானி இருக்கிறது; தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று அதுதான் சொல்ல வேண்டும். அது சொன்னதையும் ட்வின் கணித்ததையும் ஒரே படத்தில் காட்டினான். இரண்டு கோடுகளும் ஒட்டிப் பிறந்ததுபோல் போயின. நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு என்று பச்சை எழுத்தில் மின்னியது.

"ஆற்றையே பிடித்துப் பைக்குள் போட்டுவிட்டீர்கள்" என்றார் ரேமண்ட். எல்லோரும் சிரித்தார்கள். மரி-லூயிஸ் என் பக்கம் திரும்பி, "பார்த்தியா ராஜி, நீ பொம்மைன்னு சொன்னியே" என்றாள்.

சொன்னேன். இன்னும் சொல்வேன். பதினாறு வருஷமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன், ஒரு ஆறும் என்னோடு இத்தனை ஒத்துப்போனதில்லை. விவாகரத்தான என் புருஷனை விட மோசமானவை எல்லாம். தொண்ணூற்றெட்டாம், பத்தாம் வகுப்புப் பிள்ளை வாங்குகிற மாதிரி.

14 செப்டம்பர், ஞாயிறு

கார்ஜுக்குப் போனேன். இம்மாகுலேற் அக்கா வீட்டில் சாப்பாடு. பாரிஸில், லா ஷப்பெல்லில் நான் குடியிருக்கும் மாடிக்குக் கீழே காய்கறிக் கடை வைத்திருப்பவர் இவர்தான். வீடு அங்கே, ஆற்றை ஒட்டிய தெருவில். பூசை முடிந்து வந்த கையோடு மீன் குழம்பு கொதிக்கிறது. அவர் வீட்டுக்காரர் பேனாட் அண்ணை புதுத் தரையைக் காட்டினார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் வெள்ளம் புகுந்து அடுப்படி, ஹால், கீழறை எல்லாம் போய்விட்டது. இந்தக் கோடையில்தான் எல்லாவற்றையும் திரும்பக் கட்டி முடித்திருக்கிறார்கள். செருப்பைக் கழற்றினது போதாதென்று என் காலைக் குனிந்து வேறு பார்த்தார் அக்கா.

"இனி வெள்ளம் வராது எண்டு கடதாசி போட்டிருக்கினம்" என்றார். "உங்கட மெஷின் பாக்குமாம். உண்மையே?"

"மெஷின்தானே, பாக்கட்டும்" என்று சொல்லிச் சிரித்தேன். அவரும் சிரித்தார். ஆனால் பதிலுக்காக என் முகத்தைப் பார்த்துக்கொண்டே சிரித்தார்.

நேற்று நல்ல மழை. சாப்பிட்டுவிட்டுப் பாலம் வரை நடந்தேன். தண்ணீர் பழுப்பாகப் பாலத்து அடிக்கட்டை வரை ஏறி நிற்கிறது. கோடை முழுக்க யாரும் வெட்டாத புல்லும் கோரையும் ஆற்றில் பாதியை அடைத்துக் கிடக்கிறது. அளவுமானிப் பெட்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து, கம்பி அறுந்து தொங்குகிறது. விளக்கு எரியவில்லை. மேலே பாசி. இது நேற்று செத்தது இல்லை.

செத்ததை வைத்து எப்படி வியாழக்கிழமை படம் காட்டினான்?

15 செப்டம்பர், திங்கள்

கண்டுபிடித்துவிட்டேன். அட கடவுளே. சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

அளவுமானி ஜூனிலேயே செத்துப்போச்சு. அது செத்தால் திரையில் சிவப்பு விழ வேண்டும், கோட்டில் ஓட்டை விழ வேண்டும். ஒன்றும் விழவில்லை. ஏன்? அளவு வராத நேரத்தில் ட்வின் தன் கணிப்பையே எடுத்து "இதுதான் அளவு" என்று அந்த இடத்தில் எழுதிக்கொள்கிறது! அதே நீல நிறத்தில்! அரை மணி, ஒரு மணிக்கு இது எல்லோரும் செய்கிற ஒட்டுப்போடுதல்தான், நானும் செய்திருக்கிறேன். ஆனா ஒரு கோடை முழுக்க? அப்புறம் அந்த "அளவோட" தன்னையே ஒப்பிட்டுப் பார்த்துத் தனக்குத் தானே மார்க் போட்டுக்குது. பரீட்சையும் அதுவே எழுதுது, பேப்பரும் அதுவே திருத்துது. ஜூன் வரைக்கும் நிஜமா கொஞ்சம் தப்பு பண்ணினதாலதான் தொண்ணூத்தெட்டு. இல்லாட்டி நூறே வாங்கியிருக்கும் சனியன்.

சனிக்கிழமை மழையன்று பாலத்தடியில் என்ன என்று திரையில் பார்த்தேன். முழங்கால் தண்ணீராம். அமைதியாம். பச்சையாம்.

இதுதான் அடுத்த மாதத்திலிருந்து மதகைத் திறக்கப் போகிறது. கீழே தண்ணீர் ஏறி நிற்கும்போது இது "கீழே இடம் இருக்கு, மேல்குளத்தைத் திறந்து விடு" என்று சொல்லும். எங்கே போகும் அந்தத் தண்ணீர்? அந்தப் புதுத் தரைக்குத்தான்.

உடனே மெயில் எழுதினேன். எல்லோருக்கும். ரேமண்டுக்கும். "நம் ட்வின்னுக்கு வாழ்த்துகள். கண்ணாடியைப் பார்த்துத் தன் அழகுக்குத் தானே பரிசு கொடுத்துக்கொண்ட முதல் ஆறு இதுவே" என்று ஆரம்பித்து, மீனையும் விடாமல், லோகோவையும் விடாமல், டாஷ்போர்டுத் தம்பிக்குத் தனியாக ஒரு பத்தி. அனுப்பிவிட்டு இரண்டு முறை படித்து ரசித்தேன். நன்றாகத்தான் வந்திருக்கிறது.

16 செப்டம்பர், செவ்வாய்

மரி-லூயிஸ் கூப்பிட்டாள். பிரெஞ்சு. ஆரம்பத்திலிருந்து கடைசி வரை பிரெஞ்சு. வாடிக்கையாளர் முன்னால் கம்பெனியைக் கேவலப்படுத்தினேனாம். சக ஊழியரை இழிவு செய்தேனாம். நான் விஷயத்தைச் சொல்லப் போனேன். கையைக் காட்டி நிறுத்தினாள்.

பிறகு தமிழில் சொன்னாள்: "ராஜி, உன் மெயில்ல நாலு ஜோக்கு, ஒரு விஷயம். விஷயம் கடைசில இருந்துச்சாம். நான் ரெண்டாவது ஜோக்குலயே நிறுத்திட்டேன்."

"இப்பவாவது கேளுங்க. அளவுமானி செத்துப்போச்சு."

"அஷ்வத்தைக் கேட்டேன். டேட்டாவுல ஒரு ஓட்டை இல்லைன்னான்."

ஓட்டையை அடைத்தவனிடம் போய் ஓட்டை இருக்கா என்று கேட்டால் என்ன சொல்வான்? அதையும் சொன்னேன். அதுவும் ஜோக் என்று நினைத்துக்கொண்டாள். லோகோ சரியில்லைன்னே, பேர் சரியில்லைன்னே, நாற்காலி சரியில்லைன்னே, இப்ப டேட்டா சரியில்லைங்கறே — இதுதான் அவள் பதில். விழா முடியும் வரை நான் இந்தத் திட்டத்தில் கை வைக்கக் கூடாது. பழைய அறிக்கைகளைச் சரிபார்க்கிற வேலை கொடுத்திருக்கிறாள்.

ரேமண்டிடமிருந்தும் பதில் வந்திருந்தது. "இந்திய நகைச்சுவை!" என்று எழுதி ஒரு சிரிப்புப் பொம்மை.

22 செப்டம்பர், திங்கள்

சங்கத்துக்கு நேராகப் போன் செய்தேன். அளவுமானியைப் பார்க்க ஆள் அனுப்புங்கள் என்றேன். "எங்கள் திரையில் பச்சையாக இருக்கிறதே மேடம்" என்றாள் அந்தப் பெண்.

27 செப்டம்பர், சனி

கடையில் முருங்கைக்காய் வாங்கப் போனேன். அக்கா ஒரு துண்டுக் காகிதத்தை நீட்டினார், பிரெஞ்சு. மழைக்காலத்தில் கூப்பிட்டால் வரும் காவல்காரர் நம்பர் நவம்பர் ஒன்றிலிருந்து வேலை செய்யாதாம். நவீன முறை வந்துவிட்டதாம்.

"முந்தி தண்ணி ஏறினா இந்த நம்பருக்கு அடிச்சா ஒராள் எடுக்கும், அந்தாள் மதகைப் பூட்டும். இனி ஆருக்கு அடிக்கிறது பிள்ளை?"

"கொஞ்சம் பொறுங்கக்கா, பாக்கலாம்."

"என்ன, இண்டைக்குப் பகிடி ஒண்டையும் காணேல்லை? முகம் வெளிறிப் போய்க் கிடக்கு."

முருங்கைக்காயை எடுத்துக்கொண்டு ஓடிவந்துவிட்டேன். நான் ஒரு பெரிய நீரியல் நிபுணி! ஊருக்கெல்லாம் நக்கல் அடிக்கத் தெரிகிறது. ஒரு மதகை நிறுத்தத் துப்பில்லை.

1 அக்டோபர், புதன்

ஒரே ஒருத்தன்தான் அந்த ஒட்டுப்போடுதலைத் திறந்து பார்க்க முடியும். என் அனுமதியைப் பிடுங்கிவிட்டார்கள், அவனுடையது இருக்கிறது.

காபி மெஷின் பக்கத்தில் பிடித்தேன். "ஒரு நிமிஷம் பேசணும்" என்றேன். "ஸாரி மேடம், டெமோ வேலை இருக்கு" என்று கப்பை எடுத்துக்கொண்டு போய்விட்டான். காபி கூட இன்னும் விழுந்து முடியவில்லை.

4 அக்டோபர், சனி

காலையில் ஃபோபூர் சென்தெனித் தெருவில் தோசைக் கடைக்குள் அவன் தனியாக உட்கார்ந்து பொங்கல் தின்பதைக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். வாரா வாரம் தான் குடியிருக்கும் ஓல்னேயிலிருந்து ரயில் ஏறி இதற்காக வருவானாம். நான் உள்ளே போய் எதிரில் உட்கார்ந்தேன். அவன் எழுந்து போகவில்லை, பொங்கல் பாதிதான் ஆகியிருந்தது.

"நீங்க எனக்கு வச்ச பேரு எனக்கு முதல் வாரமே தெரியும் மேடம்" என்றான், தட்டைப் பார்த்துக்கொண்டே. "கிளீனிங் பண்ண வர்றவங்க கூட அப்படித்தான் சொல்றாங்க. ஒரு தடவை கூட நீங்க அஷ்வத்னு கூப்பிட்டதில்ல. அந்த மெயில் வந்த அன்னிக்கு ஊருக்குப் போயிரலாம்னு டிக்கெட் பாத்தேன்."

எனக்கு மன்னிப்புக் கேட்க வராது. வராது என்றால் நாக்கு அந்தப் பக்கம் திரும்பாது. சப்ளையரைக் கூப்பிட்டு அவன் தட்டுக்கு இன்னும் கொஞ்சம் சாம்பார் ஊற்றச் சொன்னேன். அவன் "வேணாம்" என்றான். வெட்கமாக இருந்தது. நிஜமாகவே வெட்கமாக இருந்தது.

"அஷ்வத்" என்றேன். "அந்த மெயில் அசிங்கம். தப்பு. ஆனா கடைசிப் பத்தியில இருக்கறது உண்மை. நீங்க அதுவரைக்கும் படிச்சீங்களா?"

படிக்கவில்லை. யார் படிப்பார்கள்?

போனில் நான் எடுத்த அளவுமானிப் படத்தைக் காட்டினேன். சாய்ந்த பெட்டி, அறுந்த கம்பி, பாசி. பெரிதாக்கிப் பார்த்தான். பிறகு பையிலிருந்து லேப்டாப்பை எடுத்துச் சட்னிக் கிண்ணத்தைத் தள்ளி வைத்தான். நான் எதிரில் உட்கார்ந்து அவன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். முகம் மாறியது.

"ஒரு மணி நேரம்னு லிமிட் வச்சிருந்தேன் மேடம். அதுக்கு மேல அளவு வரலைன்னா சிவப்பு காட்டணும்னுதான் எழுதியிருந்தேன். ஜூன்ல ஒரு டெமோ. படத்துல ஓட்டை தெரியக் கூடாதுன்னு மேடம் சொன்னாங்க — மரி-லூயிஸ் மேடம். லிமிட்டை எடுத்தேன். அந்த ஒரு நாளைக்குத்தான். திரும்பப் போட மறந்துட்டேன்." குரல் இறங்கிப்போனது. "அளவுமானி அதே வாரம் போயிருக்கு. நான் பார்க்கவே இல்ல. பச்சையா இருந்துச்சு, நம்பிட்டேன்."

இதை வேறு எந்தத் தொழிலில் செய்ய முடியும்? சமையல்காரன் உப்பைப் பார்க்க நாக்கில் வைத்துப் பார்ப்பான். நாங்கள்தான் "உப்பு சரியாக இருக்கும்" என்று கணித்து, அந்தக் கணிப்பை ருசி பார்க்கிறோம்.

இதை அவனிடம் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டது இந்த வருஷத்தில் இதுவே முதல் தடவை என்று நினைக்கிறேன்.

6 அக்டோபர், திங்கள்

அஷ்வத் காலையிலேயே மரி-லூயிஸிடம் போய்ச் சொல்லியிருக்கிறான். விழா முடியட்டும், பிறகு சத்தமில்லாமல் சரி செய்யலாம் என்றாளாம். அழைப்பிதழ் போய்விட்டதாம். அக்டோபரில் பெரிய மழை வராதாம். இவளுக்கு யார் சொன்னது? ட்வின்னா?

"விழா முடிஞ்ச நிமிஷமே மதகு ஆட்டோமேட்டிக் மேடம்" என்றான் என்னிடம்.

"நான் விழாவுல எழுந்து சொல்றேன்."

"நீங்க சொன்னா ஜோக்குன்னு நினைப்பாங்க. நான் சொல்றேன்."

அறைந்த மாதிரி இருந்தது. ஆனால் அவன் கோபமாகச் சொல்லவில்லை. சும்மா, மழை வருது, குடை எடுத்துக்கோங்க என்கிற மாதிரிச் சொன்னான்.

அவனுக்கு இன்னும் பெரியோத் தெஸ்ஸே முடியவில்லை. சோதனைக் காலம், காரணம் கூடச் சொல்லாமல் வீட்டுக்கு அனுப்பலாம். கார்த் த செஜூர், இங்கே தங்குவதற்கான அட்டை, இந்த வருஷக் கடைசியோடு சரி. கையில் வேலை இல்லாமல் அதைப் புதுப்பிக்கப் பிரெஃபெக்ச்சர் அலுவலகத்துக்குப் போனால் என்ன மரியாதை கிடைக்கும் என்று எனக்குத் தெரியும், நானும் அந்த வரிசையில் நின்றவள்தான். இதையெல்லாம் அவனிடம் சொன்னேன். "தெரியும் மேடம்" என்றான்.

15 அக்டோபர், புதன்

எழுதிவிட வேண்டும், இன்றைக்கே எழுதிவிட வேண்டும்.

சங்கத்தின் ஹால். நீலத் துளி போட்ட பலூன்கள் — பலூன்! ரிப்பன், வெள்ளித் தட்டில் கத்தரிக்கோல். ரேமண்ட் பேசினார்: இன்று முதல் இந்த ஆறு தனக்காகத் தானே சிந்திக்குமாம். எனக்குக் கொட்டாவி வரவில்லை. அஷ்வத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அஷ்வத்தைக் கூப்பிட்டார்கள். மீனைக் காட்ட வேண்டிய இடத்தில் நேராகப் பாலத்துப் படத்துக்குப் போனான். இரண்டு கோடுகளும் அழகாக ஒட்டிக்கொண்டு வந்தன. "இதில் எது நிஜமான அளவோ அதை மட்டும் விடுகிறேன்" என்று சொல்லி ஒன்றை அழுத்தினான். ஜூனுக்குப் பிறகு கோடு போய்விட்டது. வெறும் வெள்ளை. ஹாலில் இருந்தவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை, யாரோ புரொஜெக்டர் பழுது என்று முணுமுணுத்தார்கள்.

"பழுதில்லை" என்றான். அவன் பிரெஞ்சு சுமார்தான், இன்றைக்கு ஒவ்வொரு வார்த்தையும் தெளிவாக வந்தது. "கோடையிலிருந்து பாலத்தடியில் ஆறு எப்படி இருக்கிறது என்று எங்களுக்குத் தெரிந்தது இவ்வளவுதான். ஒன்றும் தெரியாது. அளவுமானி உடைந்திருக்கிறது. ட்வின் தன் கணிப்போடு தன்னையே ஒப்பிட்டுக்கொண்டிருந்தது. அந்தத் தொண்ணூற்றெட்டு பொய். அது என் தவறு. தயவுசெய்து மதகை இதனிடம் கொடுக்காதீர்கள்."

யார் ஓட்டையை மறைக்கச் சொன்னார்கள் என்று அவன் சொல்லவில்லை. மரி-லூயிஸ் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

ரேமண்ட் முதல் முறையாக ஒரு கேள்வி கேட்டார். "அப்படியானால் மதகை யார் திறப்பது?"

"போன வருஷம் யார் திறந்தார்களோ அவர்கள்."

ரேமண்ட் மீசையைத் தடவினார், தலையை ஆட்டினார். அவ்வளவுதான். காவல்காரர்கள் இந்தக் குளிர்காலமும் இருப்பார்கள். ரிப்பனை யாரும் வெட்டவில்லை. பலகாரத்தை மட்டும் ஒருத்தரும் விடவில்லை.

எனக்கு அழுகை வந்தது. கழிவறைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

17 அக்டோபர், வெள்ளி

அஷ்வத்தை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். காரணம் இல்லை; காரணம் தேவையும் இல்லையே. மத்தியானத்துக்குள் மேஜை காலி.

நான் மரி-லூயிஸ் அறைக்குப் போனேன். ஒரு நக்கல் இல்லாமல், உட்காராமல், பேசினேன். அவன் காப்பாற்றியது உங்களைத்தான் என்றேன். அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, "மேலிடத்து முடிவு" என்றாள், பிரெஞ்சில். அவன் போனா நானும் போறேன் என்று சொல்ல வாய் வரை வந்தது. சொல்லவில்லை. பயம். வேறு என்ன?

திரும்பும்போது, "ட்வின் இனி உன் பொறுப்பு" என்றாள். பரிசு கொடுக்கிறாளாம்.

20 அக்டோபர், திங்கள்

தீபாவளி. லா ஷப்பெல் முழுக்கக் கூட்டம். ஒரு பெட்டி அல்வா வாங்கி அஷ்வத்துக்குக் கொடுத்தேன். கார் து நோர் ரயில் நிலைய வாசலில் நின்றபடி. எத்தனை இடத்துக்கு மனுப் போட்டிருக்கிறான் என்று கேட்டேன். "நிறைய மேடம்" என்றான். அதற்கு மேல் கேட்கவில்லை.

2 நவம்பர், ஞாயிறு

வெள்ளிக்கிழமையே வானிலை அறிக்கையைப் பார்த்துவிட்டு இம்மாகுலேற் அக்காவிடம் சொல்லியிருந்தேன், கீழறையைக் காலி செய்யுங்கள், ஃபிரிட்ஜை மேலே ஏற்றுங்கள் என்று. இன்று காலை முதல் விடாத மழை. கார்ஜுக்குப் போனேன். பாலத்தில் ஆரஞ்சுக் கோட்டுப் போட்ட ஒரு ஆள் நனைந்துகொண்டே நின்று, மேலே மதகில் இருப்பவரிடம் போனில் கத்திக்கொண்டிருந்தார்: "இன்னும் திறக்காதே, திறக்காதே!"

தண்ணீர் ரோட்டுக்கு ஏறியது. அக்கா வீட்டு முதல் படியை நக்கியது. நின்றது. சாயங்காலம் இறங்க ஆரம்பித்தது.

அக்காவுக்கு என் மேல் சரியான கோபம். "ஒரு சொட்டுத் தண்ணி உள்ளுக்கு வரேல்லை பாருங்கோ! உங்கட கதையைக் கேட்டுப் பிறிஜ்ஜைத் தூக்கினதுதான் மிச்சம். இந்த மனுசனுக்கு நாரி பிடிச்சு நிமிர ஏலாமல் கிடக்கு. படிச்சவை சொன்னா உடன நம்பக் கூடாது எண்டு நான் சொன்னனான்தானே, ஓமே?"

"ஓம்" என்று உள்ளேயிருந்து முனகினார் பேனாட் அண்ணை.

திட்டு வாங்கிக்கொண்டு அந்தத் தரையிலேயே உட்கார்ந்து தேத்தண்ணி குடித்தேன். இத்தனை சந்தோஷமாக நான் யாரிடமும் திட்டு வாங்கியதில்லை.

3 நவம்பர், திங்கள்

நேற்றைய மழையை ட்வின்னுக்குள் மறுபடி ஓட்டிப் பார்த்தேன், விழாவுக்கு முன்னால் அது இருந்தபடியே வைத்து. மழை உச்சத்தில் இருந்தபோது மதகைத் திறந்திருக்கும். பாலத்தடியில் தாராளமாக இடம் இருப்பதாக நினைத்துக்கொண்டு. புல்லும் கோரையும் அடைத்த நிஜ ஆற்றில் அந்தத் தண்ணீரை விட்டுக் கணக்குப் போட்டேன். அக்கா வீட்டு அடுப்படியில் இடுப்பளவு. கீழறையில் யாராவது சாமான் எடுக்கப் போயிருந்தால் — எழுத வேண்டாம்.

மரி-லூயிஸுக்கு மூன்று வரி அனுப்பினேன். ஜோக் இல்லை. முழுதும் படித்தாள் போலிருக்கிறது, எழுந்து என் மேஜைக்கே வந்தாள்.

"நிஜமாவா?"

"நிஜம்."

குனிந்து திரையைப் பார்த்தாள். "அந்தப் பையன் இன்னும் இங்கதான் இருக்கானா?" தமிழ். காரியம் எதுவும் ஆக வேண்டியதில்லை, இருந்தும் தமிழ்.

"ஓல்னேயில."

தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

24 நவம்பர், திங்கள்

லியோனிலிருந்து ஒரு கம்பெனி போன் செய்தது. அஷ்வத் மனுப் போட்டிருக்கிறானாம். அவனைப் பற்றி இங்கே விசாரித்தபோது, கூட வேலை செய்தவள் என்று என் நம்பரைக் கொடுத்தது மரி-லூயிஸாம். நாற்காலியிலிருந்து விழாத குறை.

அவனுடைய வேலை எப்படி என்று கேட்டார்கள். சொன்னேன். "அவரிடம் குறை என்ன?" என்றார் அந்தப் பெண்மணி. இந்தக் கேள்விக்கு என்னிடம் ஆறு மாதமாக ஒரு மூட்டை பதில் இருந்தது. ஒன்றைக் கூட அவிழ்க்கவில்லை.

"தன் வேலையில் தப்பு இருந்தால் அவரே எழுந்து நின்று சொல்லிவிடுவார். வாடிக்கையாளர் முன்னால் கூட. உங்களால் அதைத் தாங்க முடியுமா என்று மட்டும் யோசித்துக்கொள்ளுங்கள்."

பிறகு, "திரும்பவும் அவரோடு வேலை செய்வீர்களா?" என்று கேட்டார்.

"செய்வேன்."

அதிகம் பேசிக் கெடுத்துவிட்டேனோ? எப்போதும் கெடுப்பவள்தானே நான்.

2 டிசம்பர், செவ்வாய்

புது அளவுமானி மாட்டிவிட்டார்கள். ட்வின் இப்போது நூற்றுக்கு அறுபத்திரண்டு வாங்குகிறது. திரையில் பாதி சிவப்பு. ரேமண்டுக்குக் காட்டினேன். அவர் இப்போதெல்லாம் கேள்வி கேட்கிறார், ஓயாமல் கேட்கிறார், தலைவலி. மீனை எடுத்துவிடலாமா என்று கேட்டார். இருக்கட்டும் என்றேன். அஷ்வத்திடமிருந்து ஒரு தகவலும் இல்லை.

12 டிசம்பர், வெள்ளி

அஷ்வத் போன் செய்தான். லியோனில் எடுத்துக்கொண்டார்கள். பிரெஃபெக்ச்சருக்குக் கொடுக்க ஒப்பந்தம் கைக்கு வந்துவிட்டதாம். அங்கேயும் ட்வின்தானாம், வேறொரு ஆற்றுக்கு.

கிண்டல் இல்லை, நிஜமாகவே சொல்கிறேன். அந்த ஆறு கொடுத்து வைத்தது.